கொடுமைன்னு சொல்லி டைவர்ஸ் கேக்கலாமா? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதிலும்

குடும்ப நீதிமன்ற கேஸ்கள் நடத்துறதால ஃபோன்லயும் கோர்ட் வராண்டாலயும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேக்கறாங்க, அதுலயும் பாதிப் பேர் சொந்தக்காரங்க சொன்னதை நம்பி தப்பா ஏதாவது பண்ணிட்டுதான் வர்றாங்க. அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு தோணுச்சு. கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். இதைப் படிச்சிட்டு உங்க கேஸோட பேப்பரையெல்லாம் எடுத்துட்டுப் போய் ஒரு வக்கீலைப் பாருங்க, ஏன்னா ஒவ்வொரு குடும்பத்து விஷயமும் வேற வேற.

அக்கா, அடிச்சாத்தான் கொடுமையா? அவர் என்னை ஒரு தடவைகூட அடிச்சதில்ல

இல்லம்மா. உடம்புல காயம் இருந்தாத்தான் கொடுமைன்னு சட்டம் எங்கயும் சொல்லல. இந்து திருமணச் சட்டம் 1955-ல 13(1)(ஐஏ) பிரிவு சொல்றது இவ்ளோதான்: கல்யாணத்துக்கு அப்புறம் எதிர்தரப்பு மனுதாரரைக் கொடுமையா நடத்தியிருக்கணும். கொடுமைன்னா என்னன்னு விளக்கமே கொடுக்காம விட்டிருக்காங்க, அதனாலதான் கோர்ட் ஒவ்வொரு தம்பதியோட வாழ்க்கையையும் பார்த்து முடிவு பண்ண முடியுது. உடம்பை வதைக்கறதும் கொடுமை, மனசை வதைக்கறதும் கொடுமை.

1976 வரைக்கும் கொடுமைக்கு டைவர்ஸே கிடையாது, நீதிமன்றப் பிரிவுன்னு சொல்ற ஜுடிஷியல் செபரேஷன் மட்டும்தான் கேக்க முடியும். அதுக்கும் 'இவங்களோட வாழ்ந்தா எனக்குத் தீங்கு வரும்'ங்கற நியாயமான பயம் இருக்குன்னு காட்டணும். அந்த வருஷம் வந்த திருத்தம்தான் கொடுமையை டைவர்ஸுக்கான காரணமாக்கி அந்த பயம் பத்தின வார்த்தைகளையும் எடுத்துடுச்சு. உங்க பாட்டி காலத்துப் பொம்பளைங்க ஏன் பொறுத்துட்டு இருந்தாங்கன்னு கேக்கறவங்களுக்கு இதுவும் ஒரு பதில்.

நாங்க ஐயர் வெக்காம சுயமரியாதை கல்யாணம் பண்ணோம், இந்தச் சட்டம் எங்களுக்கு வருமா?

வரும். தமிழ்நாட்டுக்குன்னே 1967-ல கொண்டு வந்த திருத்தத்துல 7ஏ பிரிவு சேர்த்து சுயமரியாதை, சீர்திருத்தக் கல்யாணங்களை செல்லும்னு ஆக்கியிருக்காங்க. பௌத்தர், ஜைனர், சீக்கியருக்கும் இதே சட்டம்தான். ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல பதிவு பண்ணவங்களுக்கு அந்தச் சட்டத்துல 27-வது பிரிவு, கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம் பெண்களுக்கும் அவங்கவங்க சட்டம், அதுங்கள்லயும் கொடுமை ஒரு காரணமா இருக்கு.

தினம் சண்டைதான், ஒரு நாள்கூட நிம்மதி இல்ல, இது போதாதா?

சண்டை மட்டும்னா பெரும்பாலும் போதாது. சாம்பார்ல உப்பு இல்ல, அம்மா வீட்டுக்கு ஏன் அடிக்கடி போற, சம்பளத்தை ஏன் முழுசா தரல, இந்த மாதிரி உரசலை எல்லாம் குடும்பம்னா இருக்கறதுதான்னு கோர்ட் தள்ளிடும். சமர் கோஷ் வழக்குல 2007-ல சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவா சொல்லுச்சு: அன்றாட சின்னச் சின்ன மனஸ்தாபம் மனக்கொடுமை ஆகாது, பல வருஷத்துல எங்கயோ நடந்த ஒண்ணு ரெண்டு சம்பவத்தை வெச்சும் தீர்ப்பு சொல்ல முடியாது, கல்யாண வாழ்க்கையை மொத்தமா பாக்கணும்.

ஆனா அதே தினசரி சண்டை ஒரு ஆளைத் திட்டமிட்டு நசுக்கற மாதிரி வருஷக்கணக்கா போகுதுன்னா அது வேற. பிள்ளைங்க முன்னாடி, அக்கம்பக்கத்துக்காரங்க முன்னாடி அசிங்கமா பேசறது, மாசக்கணக்கா பேசாம இருக்கறது, சாப்பாட்டுக் காசுக்கே கெஞ்ச வெக்கறது, ஆபீஸுக்கு வந்து மானத்தை வாங்கறது, இதெல்லாம் தனியா பார்த்தா சின்னதா தெரியும், வரிசையா அடுக்கினா கோர்ட்டுக்குப் புரியும். 'இவங்களோட இனிமே வாழச் சொல்றது நியாயமா?' கோர்ட் தன்னைத்தானே கேட்டுக்கற கேள்வி இதுதான்.

எதையெல்லாம் மனக்கொடுமைன்னு ஒத்துக்கிட்டிருக்காங்க? ஒரு லிஸ்ட் குடுங்க

முழு லிஸ்ட் யாராலயும் கொடுக்க முடியாது, சுப்ரீம் கோர்ட்டே உதாரணத்துக்குன்னுதான் சிலதை சொல்லியிருக்கு. மேல சொன்ன சமர் கோஷ் வழக்குல கணவன் மனைவி ரெண்டு பேருமே ஐஏஎஸ் அதிகாரிங்க. குழந்தை வேண்டாம்னு ஒரு தரப்பு மட்டும் தானா முடிவு பண்ணது, உடம்பு சரியில்லாம கிடந்தப்போ எப்படி இருக்கீங்கன்னுகூட கேக்காதது, ஒரே வீட்டுல தனக்கு மட்டும் சமைச்சுக்கிட்டது, அடி இல்ல ரத்தம் இல்ல, இந்த மாதிரி விஷயங்கள்தான் அந்தக் கேஸே. கல்கத்தா ஹைகோர்ட் மறுத்த டைவர்ஸை சுப்ரீம் கோர்ட் திருப்பிக் கொடுத்துச்சு.

அதுல சொன்ன உதாரணங்கள்ல முக்கியமானது: துணைக்குத் தெரியாம, சம்மதம் இல்லாம கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கறது, கருவைக் கலைக்கறது, உடம்புல பிரச்சனையோ தகுந்த காரணமோ இல்லாம ரொம்ப காலம் தாம்பத்தியத்தை மறுக்கறது. இந்தக் கடைசி விஷயத்துல நம்ம சென்னை ஹைகோர்ட் கொடுத்த டைவர்ஸை 2014-ல சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணியிருக்கு. இங்க ஒண்ணு கவனிக்கணும், தகுந்த காரணம் இருந்தா மறுக்கறது கொடுமை இல்ல. பிரசவம் ஆகி உடம்பு தேறாத பொண்ணு, குடிச்சிட்டு வர்றவரைக் கிட்ட விடாத பொண்ணு, இவங்களை இந்தத் தீர்ப்பைக் காட்டி மிரட்டறது அநியாயம்.

அவர் வேணும்னு பண்ணலக்கா, குடிச்சா மட்டும்தான் அப்படி. கோர்ட்ல 'நான் வேணும்னு பண்ணல'ன்னு சொன்னா விட்டுடுவாங்களா?

விட மாட்டாங்க. ஷோபா ராணி வழக்குல 1987-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, கொடுமைப்படுத்தணும்னு உள்நோக்கம் இருந்ததுன்னு நிரூபிக்கணும்னு அவசியம் இல்ல, அந்த நடத்தையால மனுதாரருக்கு என்ன ஆச்சுங்கறதுதான் முக்கியம்.

அந்தக் கேஸ்ல கணவர் ஒரு டாக்டர். எங்க அப்பா அம்மா சில ஆயிரம் ரூபாய் கேட்டதுல ஒண்ணும் தப்பில்லங்கற அர்த்தத்துல அவரே கைப்பட லெட்டர் எழுதியிருந்தார். அந்த லெட்டரே போதுமான ஆதாரமா ஆச்சு, வரதட்சணை கேட்டு நச்சரிக்கறது கொடுமைதான்னு தீர்ப்பு வந்துச்சு. 'மாமியார்தான் கேட்டாங்க, புருஷன் வாயே திறக்கல'ன்னு தயங்கறவங்களும் இதைப் படிக்கணும், தன் வீட்டு ஆளுங்க கேக்கறதை நியாயப்படுத்தினாலும் அவர் மேல சொல்ல முடியும்.

கல்யாணம் ஆகி 5 மாசம்தான் ஆகுது, இப்பவே கேஸ் போடலாமா?

பொதுவா ஒரு வருஷம் முடியாம டைவர்ஸ் மனு போட முடியாது, 14-வது பிரிவு. ரொம்ப விதிவிலக்கான கஷ்டம், இல்ல எதிர்தரப்போட மிக மோசமான ஒழுக்கக்கேடுன்னு காட்டினா கோர்ட் அனுமதி கொடுத்து முன்னாடியே எடுக்கும், ஆனா அது லேசுல கிடைக்காது. அதுக்காக ஒரு வருஷம் அடி வாங்கிட்டு இருக்கணும்னு அர்த்தம் இல்ல! குடும்ப வன்முறைச் சட்டத்துக்கும் போலீஸ் புகாருக்கும் இந்த ஒரு வருஷக் கணக்கு கிடையாது.

வீட்டை விட்டு வெளிய வந்தா 'நீதான் ஓடிப் போன'ன்னு கேஸ் திரும்பிடும்னு சொல்றாங்க, நிஜமா?

இந்த பயத்துலயே உயிரை விட்டவங்க இருக்காங்க, அதனால இதை அழுத்திச் சொல்றேன். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா முதல்ல வெளிய வாங்க, கேஸ் அப்புறம். கைவிட்டுட்டுப் போனதுன்னு சொல்லி அவர் டைவர்ஸ் கேக்கணும்னா 2 வருஷம் தொடர்ந்து நியாயமான காரணம் இல்லாம பிரிஞ்சு இருந்திருக்கணும். கொடுமை தாங்காம வந்தது நியாயமான காரணம். 9-வது பிரிவுல 'சேர்ந்து வாழ வா'ன்னு அவர் மனு போட்டாலும் இதே பதில்தான் உங்களுக்கு.

வெளிய வர்றப்போ முடிஞ்சா ஆதார், கல்யாணப் பதிவுச் சான்று, பிள்ளைங்க சர்டிபிகேட், பேங்க் பாஸ்புக், ஆஸ்பத்திரி சீட்டு இதெல்லாம் எடுத்துக்கோங்க, முடியலன்னா விட்டுட்டு வாங்க. பெண்கள் உதவி எண் 181-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். அடிபட்டிருந்தா கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போய் 'புருஷன் அடிச்சார்'னே சொல்லுங்க, 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்'னு சொல்லிடாதீங்க, ஏன்னா அந்தச் சீட்டுல எழுதினதுதான் ரெண்டு வருஷம் கழிச்சு க்ராஸ்ல, அதாவது எதிர்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை பண்றப்போ, உங்க முன்னாடி வந்து நிக்கும். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல பாதுகாப்பு உத்தரவும், அந்த வீட்டுலயே இருக்கற உரிமையும் கேக்கலாம், வீடு மாமனார் பேர்ல இருந்தாலும் கேக்கலாம்.

எந்த ஊர் கோர்ட்ல போடணும்? அவர் கோயம்புத்தூர், நான் இப்போ அம்மா வீட்டுல மதுரைல

கல்யாணம் நடந்த ஊர், கடைசியா சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்தரப்பு இருக்கற ஊர், இதுல எங்க வேணா போடலாம். மனு போடறது மனைவின்னா 2003 திருத்தத்துக்கு அப்புறம் அவங்க இப்போ இருக்கற ஊர்லயும் போடலாம், அதனால நீங்க மதுரைலயே போடலாம். குடும்ப நீதிமன்றம் இல்லாத இடத்துல சப் கோர்ட்ல எச்எம்ஓபி, அதாவது இந்து திருமண மனுன்னு நம்பர் ஆகும். வக்கீல் ஃபீஸுக்கு வழி இல்லன்னா ஒவ்வொரு கோர்ட்லயும் இருக்கற இலவச சட்ட உதவி மையத்துக்குப் போங்க, பெண்களுக்கு வருமானம் எவ்ளோன்னு கேக்காமலே வக்கீல் கொடுக்கணும்னு சட்டம் இருக்கு. 15100-ல கூப்பிட்டும் கேக்கலாம்.

எல்லாம் ரூமுக்குள்ள நடந்தது, சாட்சின்னு யாரும் இல்ல. எப்படி நிரூபிக்கறது?

கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமே இல்லாம நிரூபிக்கணும்னு இல்ல. 1975-ல தஸ்தானே வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது, நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு கோர்ட்டுக்குத் தோணினா போதும். உங்க சாட்சியமே முதல் ஆதாரம், க்ராஸ்ல அது உடையாம நிக்கணும், அவ்ளோதான். கூடவே அம்மாகிட்ட அன்னைக்கு ராத்திரியே அழுதுட்டு ஃபோன் பண்ணது, பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்தது, ஆஸ்பத்திரி சீட்டு, மகளிர் ஸ்டேஷன்ல கொடுத்த சிஎஸ்ஆர்ங்கற புகார் ரசீது, தங்கச்சிக்கு அனுப்பின மெசேஜ் எல்லாம் துணைக்கு நிக்கும்.

நான் பாக்கற மனுக்கள்ல பெரிய குறை எதுன்னா பொத்தாம்பொதுவா எழுதறது. 'எதிர்மனுதாரர் அடிக்கடி குடித்துவிட்டு வந்து சித்திரவதை செய்வார்'னு ஒரு வரி, அவ்ளோதான், இதை வெச்சு ஜட்ஜ் என்ன பண்ணுவார்? அதையே 'தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி 11 மணிக்குக் குடிச்சிட்டு வந்து, கதவைத் திறக்க லேட்டாச்சுன்னு சாப்பாட்டுத் தட்டை மேல வீசினார், இடது புருவத்துல 3 தையல், அன்னைக்கு ராத்திரியே ஜிஎச் போனோம், சீட்டு இணைச்சிருக்கு'ன்னு எழுதினா அது கேஸ். வக்கீல்கிட்ட வர்றதுக்கு முன்னாடி ஒரு நோட்டுல நாள், இடம், யார் இருந்தாங்க, என்ன நடந்துச்சுன்னு எழுதிட்டு வாங்க. தேதி ஞாபகம் இல்லன்னா பொங்கலுக்கு முன்னாடி, பையன் பர்த்டே அன்னைக்குன்னு எழுதுங்க, இல்லாத தேதியை மட்டும் கற்பனை பண்ணிடாதீங்க, க்ராஸ்ல மொத்தக் கேஸும் அங்கதான் விழும்.

வாட்ஸ்அப் சாட், தெரியாம எடுத்த ஆடியோ ரெக்கார்டிங் செல்லுமா?

இதுல நிறைய குழப்பம் இருந்துச்சு. நம்ம ஹைகோர்ட் மதுரைக் கிளை 2024 அக்டோபர்ல, மனைவியோட அந்தரங்கத்தை மீறி எடுத்த கால் ஹிஸ்டரியை ஆதாரமா ஏத்துக்க முடியாதுன்னு சொல்லுச்சு. அப்புறம் 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் வேற ஒரு கேஸ்ல, கணவன் மனைவி பேசினதை ரகசியமா ரெக்கார்ட் பண்ணியிருந்தாலும் அவங்களுக்கு நடுவுல நடக்கற குடும்ப வழக்குல அதைப் பாக்கலாம்னு தீர்ப்பு கொடுத்திருக்கு.

அதுக்காக எல்லாமே செல்லும்னு நினைச்சுக்காதீங்க. நீங்களும் அவரும் பேசினதை ரெக்கார்ட் பண்றது வேற, அவர் ஃபோன்ல ஸ்பை ஆப் போட்டு அவர் வேற யார்கிட்டயோ பேசறதை ஒட்டுக் கேக்கறது வேற, பின்னதுல நீங்களே சிக்கலாம். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் வெச்சுட்டு ஃபோனை மாத்திடாதீங்க, ஒரிஜினல் ஃபோன் பத்திரமா இருக்கணும், சாட்சிய சட்டத்துல 63-வது பிரிவு சான்றிதழும் சேர்த்துக் கொடுக்கணும். பழைய சட்டத்துல இதைத்தான் 65பி-ன்னு சொல்லுவாங்க.

நடுவுல சமாதானமாகி ஆறு மாசம் சேர்ந்து வாழ்ந்தோம். பழசு எல்லாம் போச்சா?

இதுதான் ரொம்ப நுணுக்கமான இடம். 23-வது பிரிவுல, கொடுமையை மனுதாரர் மன்னிச்சு ஏத்துக்கிட்டிருக்கக் கூடாதுன்னு இருக்கு. மேல சொன்ன தஸ்தானே வழக்குலயே மனைவி பண்ணது கொடுமைதான்னு சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கிச்சு, ஆனா அதுக்கு அப்புறமும் ரெண்டு பேரும் தம்பதியா வாழ்ந்து குழந்தை உண்டாகியிருந்ததால கணவர் மன்னிச்சுட்டார்னு சொல்லி, அவர் கொடுமைக்காகக் கேட்ட ஜுடிஷியல் செபரேஷனை மறுத்துடுச்சு.

ஆனா அதே தீர்ப்பு இன்னொண்ணும் சொல்லுது, அந்த மன்னிப்பு நிபந்தனையோடதான். இனிமே ஒழுங்கா இருப்பாங்கங்கற நம்பிக்கைல கொடுத்த மன்னிப்பு அது. மறுபடியும் ஆரம்பிச்சா பழசும் சேர்த்து உயிர் பெறும். அதனால பெரியவங்க பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போனவங்க, போனதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னும் கண்டிப்பா மனுல எழுதணும். பிள்ளைங்களுக்காகவும் போக்கிடம் இல்லாமலும் ஒரே கூரைல இருந்ததை மன்னிப்புன்னு சொல்ல முடியாது, அதை நீங்க விளக்கிச் சொல்லணும்.

அவ என் மேலயும் எங்க அம்மா மேலயும் பொய்யா வரதட்சணை கேஸ் கொடுத்துட்டா. இதை வெச்சு நான் டைவர்ஸ் கேக்கலாமா?

கேக்கலாம். கொடுமைங்கறது ஆண் பெண் ரெண்டு பேருக்கும் பொது. வேணும்னே இட்டுக்கட்டின கிரிமினல் புகார் மனக்கொடுமைதான்னு 2013-லயும் 2014-லயும் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. ஆனா தம்பி, கேஸ்ல விடுதலை ஆனா உடனே அது பொய் கேஸ்னு ஆயிடாது. ஆதாரம் பத்தலன்னு விடுதலை ஆகறது வேற, நடக்காத ஒண்ணை நடந்ததா சொன்னாங்கன்னு தெரியவர்றது வேற. கிரிமினல் கேஸ் தீர்ப்பை முழுசா படிச்சுப் பாருங்க, எந்தக் காரணத்துக்காக விட்டாங்கன்னு அதுல இருக்கும்.

நிறைய பேர் குழப்பிக்கறதால இதையும் சொல்லிடறேன். வரதட்சணை கேஸ்னு சொல்ற பழைய 498ஏ, 2024 ஜூலை 1-லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதால 85, 86 பிரிவு, அது 3 வருஷம் வரை ஜெயில் கொடுக்கற கிரிமினல் குற்றம். டைவர்ஸ்ல சொல்ற கொடுமை அதைவிட விரிவானது, நிரூபிக்கற அளவும் குறைவு. அதனால 498ஏ கேஸ் தோத்தாலும் கொடுமைன்னு டைவர்ஸ் கிடைக்கலாம், 498ஏ போடாமலேயும் கிடைக்கலாம். 'முதல்ல போலீஸ் கேஸ் போட்டாத்தான் டைவர்ஸ் ஸ்ட்ராங்கா இருக்கும்'னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நான் போட்ட மனுக்கு கவுண்டர்ல என் நடத்தையைப் பத்தி கேவலமா எழுதியிருக்காங்க, படிச்சிட்டு தூக்கமே வரல

அந்தக் கவுண்டரே, அதாவது அவங்க போட்ட பதில் மனுவே, புதுசா ஒரு கொடுமை ஆகலாம். 2003-ல சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த ஒரு வழக்குல கணவர் மனைவியைப் பக்கத்து வீட்டுக்காரரோட சேர்த்துத் தப்பா எழுதினார், பின்னாடி திருத்த மனு போட்டு அந்த வரிகளை எடுத்துட்டார். எடுத்தாலும் பட்ட காயம் போகாதுன்னு சொல்லி கோர்ட் அதைக் கொடுமைன்னே முடிவு பண்ணுச்சு. உங்க வக்கீல்கிட்ட சொல்லி இதை ரெக்கார்டுல கொண்டு வாங்க. பதிலுக்கு நீங்களும் அவர் மேல அதே மாதிரி எழுதச் சொல்லாதீங்க, ஆதாரம் இல்லாம எழுதினா அது உங்க பக்கமே திரும்பும்.

தனிக்குடித்தனம் போகலாம்னு கேட்டா கொடுமையாமே? ஃபேமிலி க்ரூப்ல ஃபார்வர்ட் வந்துச்சு

2016-ல வந்த நரேந்திரா வழக்குத் தீர்ப்பை வெச்சுதான் அந்த ஃபார்வர்ட் சுத்துது. அந்தக் கேஸ்ல தனியா போகணும்னு தொடர்ந்து வற்புறுத்தினது மட்டும் இல்ல, தற்கொலை மிரட்டல், மண்ணெண்ணெய் ஊத்திக்கிட்டது, வேலைக்காரப் பெண்ணோட தொடர்புன்னு நிரூபிக்காத பழி, எல்லாம் சேர்ந்து இருந்துச்சு. நியாயமான காரணம் இல்லாமன்னு கோர்ட்டும் சொல்லியிருக்கு. மாமியார் வீட்டுல நிஜமாவே கொடுமை நடக்கறதால தனியா போலாம்னு கேக்கற பொண்ணுக்கு அந்தத் தீர்ப்பு எதிரா வராது. என் கருத்தைக் கேட்டா, தனிக்குடித்தனம் கேக்கறதையே குத்தம் மாதிரி எழுதியிருக்கற அந்தத் தீர்ப்போட பேச்சு எனக்கு ஒப்பல, ஆனா சட்டம் என்னன்னு தெரிஞ்சுக்கணும் இல்லையா.

அவங்க போட்டா எனக்கு ஜீவனாம்சம் கிடைக்காதா?

யார் போட்டாங்கங்கறதுக்கும் ஜீவனாம்சத்துக்கும் சம்பந்தம் இல்ல. கேஸ் நடக்கறப்போ 24-வது பிரிவு, முடிஞ்சப்புறம் 25-வது பிரிவு, இது ரெண்டும் கணவன் மனைவி யார் வேணா கேக்கலாம். ரெண்டு தரப்பும் சொத்து, வருமானக் கணக்கை அஃபிடவிட்டா போடணும்னும், மனு போட்ட தேதிலேர்ந்தே தொகை கணக்காகணும்னும் 2020-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அதனால மனுவை லேட் பண்ணாதீங்க.

எட்டு வருஷமா பிரிஞ்சுதான் இருக்கோம், இனிமே சேர வாய்ப்பே இல்ல. அதுவே போதாதா?

உறவு மொத்தமா முறிஞ்சு போச்சுங்கறதை ஒரு தனிக் காரணமா நம்ம சட்டம் இன்னும் சேர்க்கல. சேர்க்கச் சொல்லி சட்டக் கமிஷன் 1978-லயே பரிந்துரை கொடுத்துச்சு, 2010-ல மசோதா வந்து ராஜ்யசபால பாஸ் ஆகியும் சட்டமா ஆகாமலே காலாவதி ஆயிடுச்சு. 2023 மே மாசம் அரசியல் சாசன அமர்வு, 142-வது ஷரத்துல தனக்கு இருக்கற அதிகாரத்துல இந்தக் காரணத்துக்காக டைவர்ஸ் கொடுக்கலாம்னு சொன்னது சுப்ரீம் கோர்ட்டுக்கு மட்டும்தான், உங்க ஊர் குடும்ப நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆனா ரொம்ப வருஷப் பிரிவை மனக்கொடுமையோட ஒரு பகுதியா காட்டலாம், சமர் கோஷ்ல அதுவும் இருக்கு.

கொடுமைன்னு போட்டா இழுக்கும், ம்யூச்சுவல்ல போயிடுன்னு எல்லாரும் சொல்றாங்க. எது நல்லது?

ரெண்டு பேருக்கும் மனசு இருந்தா, பரஸ்பர சம்மதத்துல பிரியற ம்யூச்சுவல்தான் சீக்கிரம் முடியும். ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும், மனு போட்டு ஆறு மாசம் காத்திருக்கணும், அந்த ஆறு மாசத்தைத் தகுந்த கேஸ்ல கோர்ட் தள்ளுபடி பண்ணலாம்னு 2017-ல தீர்ப்பு இருக்கு. கொடுமைன்னு போடற கேஸை ஆறு மாசத்துல முடிக்க முயற்சி பண்ணணும்னு 21பி பிரிவு சொல்லுது, நடைமுறைல கவுன்சிலிங், மீடியேஷன், கவுண்டர், சீஃப், க்ராஸ்னு வாய்தா மேல வாய்தாவா வருஷக்கணக்குல போகுது. நடுவுல எப்ப வேணா ம்யூச்சுவலா மாத்திக்கலாம், நிறைய கேஸ் மீடியேஷன்ல அப்படித்தான் முடியுது.

ஆனா ஒண்ணு. ம்யூச்சுவல்ல கையெழுத்துப் போட்டாத்தான் நகையைத் தருவேன், பிள்ளையைக் காட்டுவேன்னு மிரட்டினா ஒத்துக்காதீங்க. நகை, பணம், பிள்ளைங்க யார்கிட்ட, எப்போ பாக்கறது எல்லாத்தையும் எழுத்துல வாங்கிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. தீர்ப்பு வர்ற வரைக்கும் சம்மதத்தை வாபஸ் வாங்க உங்களுக்கு உரிமை இருக்கு.

தீர்ப்பு வந்துடுச்சு, அடுத்த மாசமே கல்யாணம் பண்ணிக்கலாமா?

கொஞ்சம் பொறுங்க. அப்பீல் டைம் முடியணும், இல்ல அப்பீல் போட்டிருந்தா அது தள்ளுபடி ஆகணும், 15-வது பிரிவு அப்படித்தான் சொல்லுது. இந்து திருமணச் சட்டத்துல அப்பீலுக்கு 90 நாள், குடும்ப நீதிமன்றச் சட்டத்துல 30 நாள்னு இருக்கறதால 90-ன்னே வெச்சுக்கறது பாதுகாப்பு. எதிர்தரப்பு கோர்ட்டுக்கு வராமலே கொடுத்த எக்ஸ்பார்ட்டி தீர்ப்புன்னா இன்னும் ஜாக்கிரதை, எனக்கு நோட்டீஸே வரலன்னு எதிர்தரப்பு வந்து தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம். தேதி குறிக்கறதுக்கு முன்னாடி டிக்ரியோட சர்டிஃபைடு காப்பி வாங்கிக்கோங்க, அப்பீல் ஏதாவது நம்பர் ஆகியிருக்கான்னு வக்கீலை விட்டு ஹைகோர்ட்ல ஒரு தடவை பார்த்துடுங்க.